ஏழு மடங்கும் நாலு பழமும்

“வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா வாங்கிடணும்டா. நின்னு யோசிச்சா...” என்று தில்லைநாயகத்தின் பெரியப்பா ஏதோ சொல்வார்.

யோசித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தில்லைநாயகத்துக்கு மறந்துவிட்டது.

மறந்ததும் ஒருவிதத்தில் நல்லதுதான். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிறுமலைக்கு பஸ் ஏறியே இருக்க மாட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் நடக்கவில்லை. ஓடினார். நாற்பத்தெட்டு வயதில் மலைப்பாதையில் ஓடுகிற ஆளை ஊர் நாய்கள்கூட விலகி நின்று பார்த்தன.

“குருவே! கிடைச்சிருச்சு!”

ஜெசிந்தா முற்றத்தில் நாற்காலி போட்டு, தாரிலிருந்து மலைவாழைச் சீப்புகளை அறுத்துக்கொண்டிருந்தாள். மும்பையில் பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் பங்குகளை எடை போட்டவள். ஒருநாள், ‘போதும்’ என்று எழுந்து வந்துவிட்டாள். இப்போது தேடி வருகிறவர்களுக்கு ஒரு கம்பெனியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தருகிறாள். தில்லைநாயகத்தைவிடப் பத்து வயது சின்னவள். அவர் அவளைக் குருவே என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேருக்குமே அதில் கூச்சமில்லை.

“முதல்ல மூச்சு வாங்குங்கண்ணே. என்ன கிடைச்சுது?”

“நீலாங்கல் கம்ப்யூட்டர்ஸ். ஓசூர்ல மதர்போர்டு பண்றவங்க. பங்கு நூத்தி நாப்பது ரூபாய். போன வருஷம் பங்குக்கு எவ்வளவு லாபம் தெரியுமா? இருபது!”

“லாபத்தைப் போல ஏழு மடங்கு விலை.”

“ஏழே ஏழு! இதே தொழில்ல மத்தவங்க எல்லாம் இருபது மடங்குல நிக்கிறாங்க. இருபதை இருபதால பெருக்குங்க. நானூறு! நானூறு ரூபாய்ப் பொருள் நூத்தி நாப்பதுக்குத் தரையில கிடக்குது குருவே, குனிஞ்சு எடுக்க ஆளில்லை!”

“எவ்வளவு போடப் போறீங்க?”

“எல்லாத்தையும்.”

ஜெசிந்தாவின் கத்தி நின்றது.

“எல்லாம்னா?”

“டொரன்டோவுல இத்தனை வருஷம் சம்பாதிச்சது மொத்தம். பசங்க படிப்பு, எங்க ரெண்டு பேரோட கடைசிக் காலம், எல்லாம் அதுதான். நாளைக்குக் காலையில சந்தை திறந்ததும் போட்டுடறேன். வீட்டுல கோமதி மட்டும், ‘உங்க குருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க, அப்புறம் நான் வாயே திறக்கலை’ன்னுட்டா. நீங்க சரின்னு சொல்லுங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடறேன்.”

வேண்டாம் என்பாள் என்று பயந்துகொண்டுதான் வந்திருந்தார். ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவரைவிட அவள் முகம் பளிச்சென்றிருந்தது.

“அதென்ன கொஞ்சம் பங்கு மட்டும்? முழுக் கம்பெனியையும் வாங்கிடுவோம்!”

“எது?”

“வாங்கியாச்சு. உட்காருங்க.”

தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே கைகட்டி நின்றாள்.

“வணக்கம் முதலாளி. நான் உங்க மேனேஜர். முதல் வருஷம் முடிஞ்சுது. இந்தாங்க லாபம்.”

நான்கு பழங்கள் அவர் மடியில் விழுந்தன.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதை என்ன பண்ணட்டும்?”

“உங்க லாபம். உங்க இஷ்டம்.”

விடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பியவர். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்பா, என்ன ருசி!

“ரெண்டாம் வருஷம் முதலாளி. புது சிப் வந்திருக்கு. நம்ம போர்டுல அது உட்காராது. டிசைனை மாத்தணும், மிஷினை மாத்தணும்.”

“மாத்து, மாத்து.”

“நாலு பழம் ஆகும்.”

“ஏய், யார்கிட்ட? மிஷினுக்குத் தேய்மானம் கழிச்சுட்டுத்தானே லாபமே காட்டுவாங்க!”

“கழிச்சது பழைய மிஷின் விலை முதலாளி. புதுசு அதைவிட டபுள்.”

முணுமுணுத்துக்கொண்டே மூன்று பழங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் ஒன்னு?”

“தின்னுட்டேனே!”

“லைன் நிக்குது முதலாளி. வேலையாட்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிக்கிறாங்க.”

“கடன் வாங்கு!”

“யார்கிட்ட?”

“யார்கிட்டயாவது வாங்கும்மா!”

ஜெசிந்தா சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். “பேங்க்” என்றாள்.

“மூணாம் வருஷம். புது போர்டு பிச்சுக்கிட்டுப் போகுது முதலாளி! லாபம் நாலு. பேங்குக்கு ஒன்னு போக, இந்தாங்க மூணு.”

இந்தத் தடவை அவர் உரிக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“என்ன, சாப்பிடலையா?”

“நீ முதல்ல அடுத்த வருஷத்தைச் சொல்லு.”

“போட்டிக்காரன் விலையைக் குறைச்சுட்டான். நம்ம சரக்கு குடோன்ல தேங்கி நிக்குது. பாதி விலைக்குத் தள்ளினாத்தான் போகும். அதுக்குள்ள இன்னொரு சிப் வேற வந்துடுச்சு.” கையை நீட்டினாள். “குடுங்க.”

தில்லைநாயகம் கொடுக்கவில்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“நில்லு, நில்லு! தர மாட்டேன். ஒவ்வொரு சிப்புக்கும் நாம எதுக்கு ஓடணும்? ஆஸ்பத்திரி, டிக்கெட் கவுன்டர், தொழிற்சாலை, இவங்க எல்லாம் வருஷா வருஷமா கம்ப்யூட்டர் மாத்துறாங்க? அவங்களுக்கு இதே போர்டைப் பத்து வருஷம் பண்ணிக் குடுப்போம். புது மிஷின் வேண்டாம். அந்த லாபம் என் மடியை விட்டு எங்கேயும் போகாது!”

“அய்யோ முதலாளி! பிரமாதம்!” ஜெசிந்தா கைதட்டிவிட்டாள். “நம்ம கம்பெனியில அந்த மாதிரி எவ்வளவு விக்குது?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“நாலு பழத்துல ஆஸ்பத்திரி மாதிரி இடத்துப் பழம் எத்தனை, மத்த பழம் எத்தனை?”

“அறிக்கையில... எல்லாத்தையும் மொத்தமாத்தான் போட்டிருக்காங்க.”

“சரி, மூணு பழம் மடியில தங்கும்னா?”

“தங்கினா பதினஞ்சு மடங்கு குடுத்துக்கூட வாங்கலாமே!”

“ஒன்னுகூடத் தங்காதுன்னா?”

“ஏழு மடங்குகூட ஜாஸ்திதானே...” என்று ஆரம்பித்தவர் மடியில் இருந்து கைக்கு வந்துவிட்ட மூன்று பழங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். முகம் வாடவில்லை. ஓடி வந்தபோது இருந்ததைவிட வேகம் கூடியிருந்தது.

“குருவே, இது யாருக்குத் தெரியும்?”

“ஓசூர்ல இருக்கிறவங்களுக்கு.”

“போய்க் கேட்டா சொல்வாங்களா?”

“வழியில போற ஆள் கேட்டா காபி குடுத்து அனுப்பிடுவாங்க.”

“அப்போ?”

“அடுத்த மாசம் பங்குதாரர் கூட்டம் நடக்குது. அங்கே பங்கு வச்சிருக்கிற முதலாளிங்க கேட்டா கம்பெனிக்காரங்க எழுந்து நின்னு பதில் சொல்லணும்ல?”

கீழே பஸ் ஹார்ன் அடித்தது. தில்லைநாயகம் பழத்தோடு ஓடினார்.

பாதி மலை இறங்கியதும் செல்போனுக்கு உயிர் வந்தது. கோமதிதான்.

“என்னங்க, குரு என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லலை.”

“ஒன்னும் சொல்லாததுக்கா விடியக்காலையில ஓடினீங்க? சரின்னாங்களா, இல்லைன்னாங்களா?”

“கோமதி, அடுத்த மாசம் நாம ஓசூர் போறோம்.”

“ஓசூர்ல நமக்கு யார் இருக்கா?”

மறுநாள் காலை சந்தை திறந்ததும் தில்லைநாயகம் நீலாங்கல் கம்ப்யூட்டர்ஸில் ஒரே ஒரு பங்கு வாங்கினார்.