கைமுறுக்கும் சாவிக்கொத்தும்

மருதவெளி என்றொரு ராஜ்யம். ராஜ்யம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விடிந்து கிளம்பினால் உச்சிவேளைக்குள் எல்லையைத் தாண்டிவிடலாம். அதை ஆண்டவர் வீரகேசரி மகாராஜா. நல்ல மனிதர், ஆனால் யாரையும் நம்பமாட்டார். அரண்மனையின் முப்பத்திரண்டு சாவிகளும் அவர் இடுப்பில்தான் தொங்கும். சமையலுக்குப் புளி வேண்டுமா, ராஜா வந்து திறக்க வேண்டும். யானைக் கொட்டடியும் அப்படித்தான். ராஜா குளித்து முடிக்கும்வரை யானை உள்ளே காத்திருக்கும்.

இதில் வேலைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். தூரத்தில் சலங்கை மாதிரிச் சத்தம் கேட்டதும் எழுந்து வேலை செய்வார்கள். சத்தம் நின்றதும் உட்கார்ந்துவிடுவார்கள்.

கோட்டை வாசலில் வெள்ளையம்மாள் கைமுறுக்குக் கடை வைத்திருந்தாள். அரிசி இடிக்க, சலிக்க, சுற்ற நாலு பெண்கள் உண்டு. ஆனால் உப்புப் போட்டு மாவு பிசைவது அவள் மட்டும்தான், அதுவும் திரைக்குப் பின்னால். அடுப்பிலும் அவள்தான் நிற்பாள்.

தேர்த்திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ராஜா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பக்கத்து நாட்டு ராஜா பரிவாரத்தோடு வருகிறார். ஐயாயிரம் முறுக்கு வேண்டும். இடிப்பதிலிருந்து எடுப்பதுவரை எல்லாம் உன் கைப்பக்குவமாக இருக்க வேண்டும். வேறு கை பட்டது என்று தெரிந்தால் கடையைக் காலி செய்துவிடு."

மந்திரி சூரப்பன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அந்தக் கடை இடத்தின்மேல் அவருடைய மைத்துனனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மூன்று நாள் வெள்ளையம்மாள் தானே இடித்து, தானே சுற்றி, தானே பொரித்தாள். நாலு பெண்களும் ஈ ஓட்டினார்கள். தேறியது நானூறு. வீங்கிய கையோடு கூத்தபிரானிடம் போய் அழுதாள். கூத்தபிரான் என்பவர் அரசவையில் யோசனை சொல்பவர். அவர் யோசனையை ராஜா கேட்பது ஆபத்து வந்தால்தான்.

"உன் ஆட்கள் நாலு பேர் என்ன ஆனார்கள்?"

"அவளுக பதினோரு வருஷமா இருக்காளுக சாமி. ஆனா உப்புக்குக் கை வராது."

"எத்தனை தடவை போட விட்டாய்?"

"ஒரு தடவைகூட விடலையே. அதான் சொல்றேன், கை வராதுன்னு."

கூத்தபிரானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இனி நீ முறுக்கைத் தொடாதே. போய்த் தூங்கு. அரண்மனையில் பேசுவது என் பொறுப்பு."

அவள் மூன்றாம் நாள் சுற்றிய முறுக்கில் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்குப் போனார். நாலு பேரில் மூத்தவள் செம்பாயி.

"உப்பு எவ்வளவு என்று தெரியுமா?"

"மரக்கால் மாவுக்கு மூணு பிடி சாமி. திரைக்குப் பின்னாடி அம்மா வளையல் மூணு தடவை குலுங்கும். பதினோரு வருஷமா கேக்குறேனே."

தேரன்று காலை ஐயாயிரம் முறுக்கும் சபையில் இருந்தன. மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, இதைச் செய்தது வேலைக்காரிகள். அந்தம்மாள் ஐந்து நாளாக வீட்டில் தூங்குகிறாள். உத்தரவை மீறியாயிற்று. கடையை என் மைத்துனனுக்கே கொடுத்துவிடலாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. கூத்தபிரான் இரண்டு தட்டுகளோடு முன்னால் வந்தார்.

"தாங்கள் கேட்டது வெள்ளையம்மாளின் கைப்பக்குவம். அது எது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளே தின்று பார்த்துச் சொல்லட்டும். தன் கை இல்லை என்று எதைச் சொல்கிறாளோ, அதைத் தள்ளிவிடுவோம்."

வெள்ளையம்மாள் முதல் தட்டில் ஒன்றைக் கடித்தாள். முகம் சுருங்கியது.

"இது என் கை இல்லீங்க. உப்பு தூக்கல். உள்ள வேகவே இல்ல. எந்தச் சிறுக்கி செஞ்சா?"

அடுத்த தட்டில் ஒன்றைக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"இதுதான் மகாராஜா. இது என் கை."

"முதல் தட்டு, தூக்கம் இல்லாமல் மூன்றாம் நாள் நீ செய்தது," என்றார் கூத்தபிரான். "இரண்டாவது, செம்பாயி செய்தது. இங்கே இருக்கும் மற்றவையும் அதே மாவுதான்."

சபை சிரித்தது. வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற செம்பாயியைத் தேடிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருஷம் பக்கத்துலயே நின்னியேடி. உன்னை நான் நம்பலையே."

அவளே சாட்சி சொன்ன பிறகு மந்திரி என்ன செய்வார்? உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உப்பைத் திரை போட்டு மறைத்து வைத்தாளாம். கூட இருப்பவர்களை நம்பாமல் ஒருத்தி கடை நடத்தினாளாம்!"

அவர் குலுங்கக் குலுங்க இடுப்பில் முப்பத்திரண்டு சாவிகளும் குலுங்கின. அந்தச் சத்தத்துக்குப் பழகிய வேலைக்காரர்கள் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து தூணைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். தூண்களைப் பார்த்தார். தன் இடுப்பைப் பார்த்தார்.

"கூத்தபிரான்," என்றார் மெதுவாக. "கடை அவளுக்கே. உமக்கு ஒரு பொற்கிழி தருகிறேன்."

"மிக்க மகிழ்ச்சி மகாராஜா. போன தேருக்கு அறிவித்த கிழியே இன்னும் பண்டாரத்துக்குள்தான் இருக்கிறது. திறக்கத் தங்களுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை சாவிக்கொத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறேன். முதலில் எந்தச் சாவி?"

"யானைக் கொட்டடிச் சாவி மகாராஜா. தேருக்கு முன்னால் போக வேண்டிய யானை விடிந்ததிலிருந்து உள்ளேதான் நிற்கிறது."