நோயில் விழாத ஆறு ஆடுகள்

டாக்டர் தணிகாசலம் தம் ஆசிரியரைவிடப் பதினான்கு வயது மூத்தவர்.

இருபத்து நான்கு ஆண்டுகள் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதாவது வயதில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியர் சுகிர்தா. அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

சுகிர்தாவிடம் ஒரு பழக்கம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். இரண்டரை வருடமாகியும் தணிகாசலத்துக்கு அது பழகவில்லை.

தணிகாசலம் செய்துகொண்டிருந்தது ஆட்டு அம்மைக்கு ஒரு டி.என்.ஏ. தடுப்பூசி. பழைய ஊசியில் வலுவிழந்த கிருமியையே உடம்புக்குள் விடுவார்கள். இவருடைய ஊசியில் கிருமி கிடையாது. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மட்டும் ஒரு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். தசையில் போட்டால் ஆட்டின் செல்களே அதைப் படித்து அந்தப் புரதத்தைச் செய்யும். உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். நாளைக்கு நிஜக் கிருமி வந்தால் அடையாளம் தெரியும்.

எழுதிப் பார்க்க அழகாக இருந்தது. செய்யத்தான் வரவில்லை.

முதல் எட்டு மாதம் வளையமே சரியாக அமையவில்லை. அமைந்தபின் எலிகளுக்குப் போட்டார்கள். எலிகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் மளமளவென்று ஏறியது. தணிகாசலம் ஆய்வகம் முழுவதற்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆறு ஆடுகளுக்கு மூன்று தவணை போட்டார்கள். ஆடுகளின் ரத்தத்தில் ஒன்றுமே ஏறவில்லை.

“ஊசி பலிச்சுதா இல்லையான்னு எப்பதான் மேடம் தெரியும்?”

“நோய் வரும்போது.”

“அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வழியே இல்லையா?”

“அதை நோய்கிட்டதான் சார் கேக்கணும்.”

தணிகாசலம் கதவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டுப் போனார்.

கடைசிச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். காற்றுகூட வடிகட்டி வெளியேறும் தனிக் கொட்டகையில் பன்னிரண்டு ஆடுகள். ஊசி போட்ட ஆறின் காதில் நீல வில்லை. மற்ற ஆறின் காதில் மஞ்சள் வில்லை. மஞ்சள் ஆடுகளுக்குக் குறிப்பு எதுவும் எழுதாத வெற்று வளையத்தைப் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கண்ட்ரோல் என்று பெயர். பன்னிரண்டுக்கும் உயிருள்ள அம்மைக் கிருமியைச் செலுத்தினார்கள். மஞ்சள் நோயில் விழவேண்டும், நீலம் விழக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் ஊசி பலித்ததாக அர்த்தம்.

தணிகாசலம் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தார். உதட்டையும் வால் அடியையும் புரட்டிக் கொப்புளம் தேடினார்.

ஏழாம் நாள் நீல ஆடுகள் அகத்திக்கீரைக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. அவர் இன்னொரு கட்டுக் கீரையை உள்ளே போட்டார்.

பக்கத்துத் தடுப்பில் மஞ்சள் ஆடுகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

பத்தாம் நாளும் அப்படியே. பதினான்காம் நாளும் அப்படியே. ஒன்றுக்குக்கூடக் காய்ச்சல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அதில் ஒரு மஞ்சள் ஆடு அவருடைய வெப்பமானியைக் கடித்து உடைத்தது.

அவர் குளித்து உடை மாற்றிக்கொண்டு நேராக ஆசிரியரின் அறைக்கு வந்தார்.

“போச்சு மேடம். மூணு வருஷமும் போச்சு. ஒரு கண்ட்ரோல்கூட விழலை.”

“கிருமி?”

“நீங்கதானே செல்லுல போட்டுப் பார்த்தீங்க. தட்டு தட்டா செல்லைக் கொன்னுது. ஆட்டுக்குள்ள போனதும் சாதுவாயிடுச்சா?”

“ஆடெல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. அதுதான் மேடம் பிரச்சினையே.”

சுகிர்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஆடு நோயில விழலையேன்னு வயித்தெரிச்சல் படற கால்நடை டாக்டரை நான் இப்பதான் சார் பாக்குறேன்.”

தணிகாசலம் சிரிக்கவில்லை. அவருடைய பதிவுக்காலம் முடிய நான்கு மாதம் இருந்தது. விடுப்பு முடியவும் அவ்வளவே. இரவெல்லாம் யோசித்துவைத்திருந்ததைக் கேட்டார்.

“மஞ்சளை விட்டுடலாமா மேடம்? ஆறு ஆட்டுக்கு ஊசி போட்டோம், கிருமி குடுத்தோம், ஆறும் விழலை. இவ்வளவுதான் எழுதறேன். இதுல பொய் எங்க இருக்கு?”

சுகிர்தா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “சோதனைக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல வெள்ளணுக்களைப் பிரிச்சு உறைய வெச்சோமே, மஞ்சளோடது இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“எடுத்து உருக வெச்சு, செத்த அம்மைக் கிருமியைக் காட்டுங்க.”

“எதுக்கு? ஆடு வாங்கினதுமே ரத்தம் பார்த்தாச்சு. எதிர்ப்புப் புரதம் துளிகூட இல்லை. அம்மையையே பார்க்காத ஆடு.”

“காட்டுங்க சார்.”

காட்டினார். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் காட்டினார். புதிதாக ஒன்றைப் பார்க்கும் வெள்ளணு சும்மா இருக்கும். முன்பே பார்த்ததென்றால் பெருகும். நான்கு நாள் கழித்துத் தட்டுகளை எடுத்துப் பார்த்தார். ஆறு ஆட்டின் வெள்ளணுக்களும் பெருகிக் கிடந்தன.

தட்டோடு ஆசிரியரிடம் ஓடினார்.

“இதுங்களுக்கு அம்மையை முன்னாடியே தெரியும் மேடம். ரத்தத்துல தடமே இல்லை, ஆனா செல்லு மறக்கலை. ஏமாத்திடுச்சு மேடம். அத்தனையும் ஏமாத்திடுச்சு.”

“ஆடு எங்கேருந்து வந்துச்சு?”

“மாதேசன்கிட்டேருந்து. வியாபாரி.”

“மாதேசன் கிட்ட எங்கேருந்து வந்துச்சு?”

“அது எனக்கெப்படித் தெரியும்? ஒரே பட்டி ஆடு, ஒரே வயசுன்னார். அதுதானே நமக்கு வேணும். வாங்கிட்டோம்.”

“கேக்கலையா?”

“கேக்கலை.”

சுகிர்தாவுக்கும் அப்போதுதான் கோபம் வந்தது. அவர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். “நானும் கேக்கலை” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போகிற வழியில் தணிகாசலம் மாதேசனுக்குப் போன் போட்டார். ஊர் பெயரைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

“எந்த ஊரு சார்?”

“கள்ளிமேட்டுப்பட்டி.”

“தெரியுமா?”

“என் மருந்தகத்துக்குக் கீழே இருந்த ஊருதான்.”

சுகிர்தா காரை அந்தப் பக்கம் திருப்பினார்.

ஆடுகளின் பழைய சொந்தக்காரி செங்கம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். புளியமரத்தடியில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர், காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

“வாங்க டாக்டரே. இன்னும் எந்தக் குட்டியை நொண்டியாக்கணும்னு வந்தீங்க?”

“என்னம்மா சொல்றீங்க?”

“மறந்துட்டீங்களா? இங்கேருந்து படிக்கப் போறதுக்கு முன்ன வந்து அம்மை ஊசின்னு குத்திட்டுப் போனீங்களே. இவ்வளவூண்டு குட்டிங்க. நாலு மாசம்கூட ஆகலை. ரெண்டு நாளு காலைத் தூக்கிக்கிட்டே நடந்துச்சுங்க. பாலுகூடக் குடிக்கலை.”

தணிகாசலம் ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எத்தனை குட்டிம்மா?”

“பதினெட்டு. அதுல பன்னெண்டைத்தான் போன ஆடியில மாதேசனுக்குக் குடுத்தேன். முட்டி வலியோட அத்தனையும் மேய்க்க முடியலை.”

“பதினெட்டுக்கும் ஊசி போட்டேனா?”

“போட்டீங்களாவா?” செங்கம்மா சுகிர்தாவிடம் திரும்பினார். “நீயே கேளும்மா. ஒரு குட்டி கையை உதறிட்டு முள்ளுக்குள்ள ஓடிடுச்சு. ஒண்ணுதானே, விட்டுத் தொலைங்கன்னு நானும் சொல்றேன், எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு. கேட்டாரா இவரு? வேலிகாத்தான் முள்ளுக்குள்ள படுத்து ஊந்து போயி, சட்டையெல்லாம் கிழிச்சுக்கிட்டு, அதை இழுத்தாந்து குத்தினப்புறந்தான் ஓஞ்சாரு. ஏதோ அது அவரு வீட்டு நகையைத் தின்னுட்டு ஓடின மாதிரி.”

சுகிர்தா முதல் முறையாகச் சிரித்தார்.

“அப்புறம் அம்மை வந்துச்சாம்மா?” என்று தணிகாசலம் கேட்டார்.

“எங்க ஊருக்கு அம்மை எங்க வந்துச்சு? வராத நோய்க்குத்தான் அத்தனை பாடு.”

“ஊசி போட்டதாலதாம்மா வரலை.”

“போடாட்டியும் வந்திருக்காது.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. அந்த வருஷம் சுத்து வட்டாரத்துல எத்தனை ஊர்ல ஆடு செத்துச்சுன்னு தெரியுமா?”

“அந்த ஊரு வேற, எங்க ஊரு வேற. எங்க மேய்ச்சல் நல்ல மேய்ச்சல்.” செங்கம்மா கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “என் ஆடுங்க உங்க காலேஜுலதான் இருக்குதாமே, மாதேசன் சொன்னாரு. எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு.”

“அப்ப எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?”

மீதி இருந்த ஆடுகளில் ஒன்று தணிகாசலத்தின் சட்டை நுனியைச் சப்பத் தொடங்கியது. அவர் பழக்கத்தில் குனிந்து அதன் கண் இமையைக் கீழே இழுத்து ரத்தச் சிவப்பைப் பார்த்தார்.

“குடற்புழு மருந்து குடுத்து நாளாச்சு போல” என்றார்.

“ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றார் செங்கம்மா.

திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். தணிகாசலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

“நானே போட்டிருக்கேன் மேடம்.”

“ம்.”

“நானே போட்டு, நானே மறந்து, நானே அம்மையைப் பார்க்காத ஆடுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்.”

“கையெழுத்து நானும்தான் போட்டேன்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

“மஞ்சளையும் எழுதிடறேன். அன்னைக்கு நான் நடத்தின ஊசி முகாமையும் எழுதிடறேன். பதிவுக்காலம் நீட்டிக்கற படிவத்துல உங்க கையெழுத்து வேணும். விடுப்பு தருவாங்களான்னு தெரியலை. சம்பளம் இல்லாமக் கேட்டுப் பாக்கறேன்.”

“படிவத்தை எடுத்துட்டு வாங்க.”

“அம்மையே வராத, ஊசியே போடாத ஊரா பார்த்துப் போய், ஆட்டுக்காரங்களை நேர்ல கேட்டு வாங்கணும். அந்த மாதிரி ஊரு நம்ம ஜில்லாவுல இருக்கான்னே தெரியலை. பாதி ஊருக்கு நானே போட்டிருப்பேன்.” அதைச் சொல்லும்போது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

“பக்கத்து ஜில்லாவுல தேடுங்க.”

காரில் ஏறினார்கள். தணிகாசலத்துக்கு ஆராய்ச்சி போனதுகூட இப்போது பெரிதாக இல்லை. வேறொன்று உறுத்திக்கொண்டே வந்தது. கடைசியில் வாய்விட்டார்.

“இருபத்து நாலு வருஷம் மேடம். எத்தனை லட்சம் ஊசி போட்டிருப்பேன். அந்தம்மா சொல்றதைக் கேட்டீங்களா? போடாட்டியும் வந்திருக்காதாம். மேய்ச்சல் நல்ல மேய்ச்சலாம்.”

“கேட்டேன்.”

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேராசிரியர் சொன்னா நம்பியிருப்பாங்க.”

“என்னன்னு சொல்றது?”

“என் ஊசியாலதான் அந்த ஆடுங்க தப்பிச்சுதுன்னு.”

“நிரூபிக்கச் சொன்னா?”

“பதினெட்டுல ஒண்ணுக்குக்கூட அம்மை வரலையே மேடம்!”

சுகிர்தா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அன்னைக்கு அந்த ஒரு குட்டியை முள்ளுக்குள்ளேயே விட்டுட்டு வந்திருந்தா, இன்னைக்கு உங்ககிட்ட ஒரு கண்ட்ரோல் இருந்திருக்கும் சார்.”