கம்பம் ஏறிய கால்

சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய லேத் பட்டறை ஒன்றில் திலகவதி அம்மா அன்னசாலை நடத்திவந்தார். வயது நாற்பத்தொன்று. அரசு மருத்துவமனையில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவர். காவி கட்டுவதில்லை, பிரசங்கம் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

அவருடைய சீடர் வேதாசலத்துக்கு ஐம்பத்தெட்டு. மின்சாரக் கார் செய்யும் கம்பெனி ஒன்றில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவர். ஞாயிறு தவறாமல் வந்து சமைப்பார். தலை நரைத்த மனிதர் தன்னைவிடப் பதினேழு வயது இளையவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்பதைப் பார்த்து, சாப்பிட வரும் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆலமரத்தடியில் இளைய குருவும் தாடி நரைத்த சீடர்களும் இருப்பதைக் கோயில் சுவரில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அவர்களும். நேரில் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது.

அன்னசாலையில் சட்டம் என்று ஒன்றுதான். முதல் பந்தி சாப்பிடத் தொடங்கும்வரை, சமைத்தவர் நாக்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

"பசியோட வர்றவங்கதான் இங்க சாமி. சாமிக்கு முன்னாடி எச்சில் பண்ணுவீங்களா?" என்பார் அம்மா.

ஆகவே உப்பு, புளி, காரம் எல்லாம் அளவை நம்பித்தான். நூற்றிருபது பேருக்கு ஓர் அண்டா சாம்பார். அதற்கு, உப்பு ஜாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சியால் ஏழு முறை அள்ளிப் போடவேண்டும். மூன்று வருஷமாக வேதாசலம் போட்ட ஏழு பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆபீசில் அவரை யாரும் பாராட்டி ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு ஞாயிறு, பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, சொல்லாம விடறது பொய் சொன்ன மாதிரி ஆகுமா?"

"யார்கிட்ட? என்னத்தை?"

வேதாசலம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். விற்றுவிட்ட கார்களின் மென்பொருளை அவர் பிரிவு அவ்வப்போது மாற்றும். செல்போனுக்கு வருவதுபோல, வாசலில் நிற்கும் காருக்கு அப்டேட் வந்து இறங்கிவிடும். என்ன மாற்றினோம் என்று கூடவே ஒரு குறிப்பு போகும். இந்த முறை மாற்றியது வண்டி வேகம் குறைகிற விதத்தை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்பெல்லாம் மெல்ல உருண்டு போகும். இனிமேல் காலை எடுத்த மாத்திரத்தில் பிரேக் போட்டதுபோலப் பிடித்து இழுக்கும்.

"நல்லதுக்கா மாத்தினீங்க?"

"நல்லதுக்குத்தாம்மா. ஓடும்போதே பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பி வரும். பிரேக்கும் சீக்கிரம் தேயாது."

"அப்போ சொல்லிட வேண்டியதுதானே?"

"நாலு வரி எழுதித்தான் குடுத்தேன். விற்பனைப் பிரிவுல, 'இத்தனை நாள் என்ன குறை இருந்துச்சுன்னு கேப்பான், வேணாம்'னுட்டாங்க. கடைசியில 'பொதுவான மேம்பாடுகள்'னு ஒரே வரி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதுல பொய் ஒண்ணும் இல்லியேம்மா?"

அம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"பருப்பு பொங்குது. கவனிங்க" என்றார்.

பதில் வரும் என்று வேதாசலம் அன்று சாயங்காலம்வரை காத்திருந்தார். வரவில்லை. பெரியவர்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் வசதி. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு முதல் பந்தியில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை.

"என்னா ஐயா, உப்புக்கு இன்னிக்கு லீவா?"

பந்தி சிரித்தது. வேதாசலமும் சிரித்தார். பிறகு தான் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு வாய் வைத்துப் பார்த்தார். குறைவுதான். பேச்சு மும்முரத்தில் ஆறு போட்டுவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு, விரலை மடக்கி எண்ணிப் போட்டார். ஏழு. சந்தேகமே இல்லை.

"இன்னிக்கும் சப்புன்னு கீது. வூட்டம்மாவோட சண்டையா ஐயா?" என்றார் முனிரத்தினம்.

இந்த முறை வேதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பா அறுபதாவது வயதில் முதலில் எண்ணிக்கையை மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். கடைசியில் பெற்ற பிள்ளையைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையை வேதாசலத்தால் இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் தன்னைத் தானே வேவு பார்த்தார். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பல் தேய்த்தோமா என்று பிரஷ்ஷின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாம்பரத்தில் இருக்கும் நரம்பு டாக்டர் ஒருவரின் பெயரைத் தேடி எழுதி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் மறுபடி வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

"...ஆறு... ஏழு."

பந்தியில் முனிரத்தினம் ஒரு வாய் சாப்பிட்டார். வேதாசலத்தை ஏறிட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை. பேசாமல் உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கிண்டலைவிட அதுதான் வேதாசலத்துக்கு வலித்தது.

நான்காவது ஞாயிறு அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. அரிவாள்மணையைத் தேடி எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்.

"இனிமே நான் காய் நறுக்கறேம்மா. சமையலுக்கு வேற யாரையாவது வெச்சுக்குங்க."

"ஏன்?"

"எனக்கு எண்ணத் தெரியலம்மா." அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டார். "வாய்விட்டு எண்ணியும் தப்புது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு. புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன்."

அம்மா எழுந்து போனார். உப்பு ஜாடியிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

"விளிம்பைத் தடவிப் பாருங்க."

தடவினார். அதே கொட்டாங்குச்சி. அடியில் அதே கீறல். ஆனால் விளிம்பு மட்டும் புதிதாக, வழவழவென்று இருந்தது. சுற்றிலும் அரை விரற்கடை அளவுக்கு அரத்தால் தேய்த்து எடுத்திருந்தது.

"யாரு... யாரும்மா தேய்ச்சது?"

"நான்தான். இங்க சாப்பிடறவங்கள்ல பாதிப் பேருக்கு பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு. குறைச்சேன். நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குன்னா..." வேதாசலம் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார். மூன்று வருஷத்தில் அம்மாவின் முன்னால் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஏழுக்கு பதிலா அஞ்சு போடுன்னா போட்டிருப்பேனே! ரெண்டு வாரமா நான் தூங்கலம்மா. என் மூளை போச்சுன்னு இருந்தேன். பொண்டாட்டி பேரு மறந்துடுமோன்னு தினம் காலையில எழுந்து சொல்லிப் பார்த்துக்கறேன். தெரியுமா உங்களுக்கு?"

அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்கவில்லை.

"முதல் வாரம் சொல்ல மறந்துட்டேன், ஐயா. ரெண்டாவது வாரம் சொல்ல வந்தேன். நீங்க கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சு, நிறுத்திட்டேன். மூணாவது வாரம் உங்க முகத்தைப் பார்த்துட்டும் சொல்லல. அது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

வேதாசலத்துக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டதால், அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அம்மா. "ஏன் கொட்டாங்குச்சியைச் சந்தேகப்படல?"

"மூணு வருஷமா புழங்கறதும்மா. அதைப் போயி யாராவது..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. சட்டைப் பைக்குக் கை போனது. நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"இது வெள்ளிக்கிழமை வந்துச்சு. உத்தரவாதம் பத்தின கேள்வி, தவறி என் மேசைக்கு வந்துடுச்சு. என்னை மாதிரியே ஒருத்தர், பாவம்னு நினைச்சுப் பையில வெச்சுக்கிட்டேன்."

"படிங்க."

படித்தார்.

'ஐயா, நான் உத்திரமேரூர் தனகோடி. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் கம்பம் ஏறியவன். வாரம் இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு அழைத்துப் போவதற்காகவே உங்கள் காரை வாங்கினேன். வண்டியில் குறை எதுவும் இல்லை. ஒரு மாதமாக என் கால்தான் நிதானம் இழந்துவிட்டது. வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கிறது. பின்சீட்டில் சாய்ந்திருந்தவளுக்கு முன்சீட்டில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. உங்கள் சர்வீஸ் ஆட்கள் முழுவதும் சோதித்து, வண்டி சரியாக இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் போய் வருகிறோம். திரும்பி வரும்போது அவளால் நிற்க முடிவதில்லை. அவளுக்குத் தெரியாமல் வண்டியை விற்க முடிவு செய்துவிட்டேன். வரும் ஞாயிறு மதியம் ஒருவர் பார்க்க வருகிறார். பேட்டரி உத்தரவாதம் அவர் பெயருக்கு மாறுமா என்று தெரிவிக்கவும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

வேதாசலம் கடிதத்தை மடிக்கவில்லை. 'ஒரு மாதமாக' என்ற இடத்தில் விரல் நின்றிருந்தது.

"அப்டேட் போய் ஒரு மாசம் ஆகுதும்மா."

"சர்வீஸ்காரங்க சரியா இருக்குன்னு சொன்னாங்களே?"

"அவங்களுக்கும் நாங்க சொல்லல."

வெளியே பந்திக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முனிரத்தினத்தின் குரல் எல்லோருக்கும் முன்னால் கேட்டது.

"மன்னிப்புக் கேட்டிருக்காரும்மா" என்றார் வேதாசலம். "அவரு எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காரு."

வேதாசலம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். அரிசிப் பையிலிருந்து கிழித்த காகிதம் ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்து முழங்கால்மேல் நீவிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையிலேயே மேலிடத்துல பேசிடறேன். பழைய நாலு வரியை அப்படியே எல்லா வண்டிக்காரங்களுக்கும் அனுப்பச் சொல்றேன். சர்வீஸ் சென்டருக்கும். பழைய மாதிரியே வேணும்கறவங்களுக்கு மாத்திக் குடுக்கவும் வழி பண்ணலாம், அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஒத்துக்கலன்னா..." ஒரு கணம் நிறுத்தினார். "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. போனா போகட்டும், நானே அனுப்பிடறேன்."

"சரி."

"எப்படித் தொடங்கறதும்மா? முதல்ல மாத்தினதைச் சொல்லவா, காரணத்தைச் சொல்லவா? இல்ல, வருத்தம் தெரிவிச்சிட்டு அப்புறம்..."

அம்மா அவர் கையிலிருந்த காகிதத்தை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். கடிதத்தைத் திருப்பி, அடியில் எழுதியிருந்த செல்போன் எண்ணைக் காட்டினார்.

"அதெல்லாம் நாளைக்கு எழுதுங்க, ஐயா. இப்போ போன் போட்டு, அவர் காலுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."