திருமலைச்சாமி கதவான சனிக்கிழமை

படிக்காத முட்டாள்களைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நன்றாகப் படித்த மூன்று பேரைப் பற்றி. மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து பட்டம். கோயமுத்தூரில் பூவரசு அவென்யூ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாடியில் குடியிருந்தார்கள்.

முதல் ஆள் திருமலைச்சாமி, பம்ப்செட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். அவருக்கு ஒரே மகள், பெயர் இதழினி, வயது ஒன்றே முக்கால். அந்தப் பிள்ளை காக்கா என்று சொல்லும், ஃபேன் என்று சொல்லும், ஆட்டோ என்று சொல்லும். கேட்டில் நிற்கிற வாட்ச்மேனைப் பார்த்துத் தாத்தா என்றுகூடச் சொல்லும். அப்பா என்று மட்டும் சொன்னதில்லை. எட்டு மாதமாகக் காத்திருந்தார் மனுஷன். ஆபீசில் யார் பிள்ளையாவது போனில் அப்பா என்று கூப்பிடுவது காதில் விழுந்தால், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"நீங்க அவகூட ஒரு நாளாவது வெளையாடியிருக்கீங்களா?" என்று அவர் மனைவி பூங்கொடி கேட்டாள். "வெளையாடுங்க. தானா கூப்பிடுவா."

அதற்கும் ஒரு நாள் வாய்த்தது. மே மாதத்துச் சனிக்கிழமை. பழனியில் ஒரு கல்யாணம். அந்த மாடியிலிருந்த மூன்று மனைவிமாரும் ஒரே காரில் கிளம்பினார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் அப்பாக்களிடம். பூங்கொடி ஒரு தாள் நிறைய வெளியில் விளையாடக்கூடிய விளையாட்டுகளை எழுதிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இதுல இருக்கற மாதிரியே செய்ங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க."

"யோசிக்க மாட்டேன்" என்றார் திருமலைச்சாமி. கொடுத்த வாக்கை அன்றைக்கு முழுக்கக் காப்பாற்றினார்.

காலை எட்டு மணிக்குக் கட்டடத்துக்குப் பின்னால் கூடினார்கள். இரண்டாவது ஆள் ஜெரால்டு, இன்சூரன்ஸ்காரர். மகன் ஆரோனுக்கு இரண்டு வயது. மூன்றாவது நாகமாணிக்கம். சாப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவன் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். அவர் மகன் தஷ்வந்துக்கு இரண்டேகால்.

திருமலைச்சாமி தாளைப் பார்த்து உரக்க வாசித்தார். "குழந்தைகள் வெறுங்காலோடு மண்ணில் நடக்கட்டும்."

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். பூவரசு அவென்யூவில் மண் கிடையாது. வாசல் முதல் மதில்வரை சிமெண்டுக் கல் பதித்திருந்தது. அங்கே மண் இருந்தது குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி வளர்த்த இருபத்திரண்டு பூந்தொட்டிகளில்தான். செடியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டிக்கு ஒன்றாகக் குழந்தைகளை நட்டார்கள்.

"நிக்கறாங்களே" என்றார் ஜெரால்டு. "நடக்கட்டும்னுதான போட்டிருக்கு?"

நாகமாணிக்கம் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "தொட்டிய வரிசையா வைங்க. ஒரு தொட்டி ஒரு அடி. தூக்கித் தூக்கி வெச்சா நடந்த கணக்குதான்."

அப்படியே செய்தார்கள். இருபத்திரண்டு அடி நடந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பிள்ளைகளுக்குக் கால் வலிக்கவில்லை. தகப்பன்மாருக்கு இடுப்புப் போய்விட்டது. செக்ரட்டரியின் ரோஜாச் செடிகள் வெயிலில் படுத்துக் கிடந்தன.

அடுத்தது தண்ணீர். "காற்றடித்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி விளையாட விடுங்கள். சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள்."

தொட்டியை ஊதித் தண்ணீர் நிரப்பிவிட்டுத் திருமலைச்சாமி விரலை விடப் போனார். நாகமாணிக்கம் தடுத்துவிட்டார்.

"கொழந்தை விரலாலயா சார் உக்காரப் போகுது? எதால உக்காருமோ அதால தொட்டுப் பாக்கணும். அதுதான் முறை."

அவரே இறங்கி உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் சொல்லை நம்பி விடக்கூடாது. மூணு பேரும் பாக்கணும்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தண்ணீரெல்லாம் விளிம்பு தாண்டி ஓடிவிட்டது. எழுந்து பார்த்தால் கணுக்கால்கூட நனையாது. மறுபடியும் குழாயைத் திறந்து நிரப்பினார்கள். ஜெரால்டு மகனைத் தூக்கி இறக்கப் போன நேரத்தில் திருமலைச்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இது வேற தண்ணியாச்சே. இத இன்னும் யாரும் தொட்டுப் பாக்கலையே?"

"ஆமாங்க சார்" என்றார் ஜெரால்டு. மகனைக் கீழே விட்டுவிட்டுத் தொட்டியில் இறங்கினார்.

இப்படி ஐந்து தடவை. பிள்ளைகள் மூன்றும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கடித்தபடி, தகப்பன்மார் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டி காலி. மேல் வீட்டில் யாரோ சோப்புப் போட்ட தலையோடு சன்னலில் வந்து கத்தினார்கள். தண்ணீர் ஐந்து தடவையும் சரியான சூட்டில் இருந்ததில் நாகமாணிக்கத்துக்கு ரொம்பத் திருப்தி.

மத்தியானம் தயிர்சாதம் ஊட்டி முடித்தார்கள். வேப்பமரத்து நிழலில் கடைசி விளையாட்டு. திருமலைச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றாகிவிட்டது, மகள் இன்னும் காக்கா, ஃபேன், ஆட்டோவைத் தாண்டவில்லை. பூங்கொடி வருவதற்குள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. தாளை இன்னும் கவனமாக வாசித்தார்.

"பாவனை விளையாட்டு. குழந்தை உங்களை எதுவாக நினைக்கிறதோ அதுவாகவே இருங்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள். ஆட்டம் முடிந்தது என்று குழந்தைதான் சொல்ல வேண்டும்."

ஆரோன் தகப்பனைக் காட்டி "பஸ்" என்றான். ஜெரால்டு மண்டியிட்டுக் கையூன்றி பஸ் ஆனார். மகன் முதுகில் ஏறிக்கொண்டான்.

தஷ்வந்த் நாகமாணிக்கத்தைப் பார்த்து "ஃபிரிட்ஜ்" என்றான். அவர் சுவரோரமாக விறைத்து நின்றார். பையன் சட்டையைப் பிடித்து இழுத்தால், பையிலிருந்த போனில் டார்ச் எரிய வைப்பார். பையன் சட்டைக்குள் தொட்டி மண்ணில் பிடித்த இரண்டு இட்லியும் ஒரு செருப்பும் வைத்துவிட்டு மூடினான்.

இதழினி யோசித்தாள். வேப்பமரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் இருந்த சந்தில் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் கையைத் தள்ளி அந்தப் பக்கம் போனாள். திரும்ப வந்தாள். "கதவு" என்றாள்.

மகள் வாயிலிருந்து ஒரு புது வார்த்தை! திருமலைச்சாமிக்குக் கண் கலங்கியது. கதவு அழாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஆரோன் பஸ்ஸிலேயே குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டான். தஷ்வந்த் நிழலில் விரித்திருந்த பாயில் தூங்கிவிட்டான். ஆட்டம் முடிந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பஸ் முனகியது. "சார், முட்டி வலிக்குது. எந்திரிக்கட்டுமா?"

"நாம பேசலாமாங்கறதே தெரியலையே" என்றார் திருமலைச்சாமி தணிந்த குரலில்.

"ஃபிரிட்ஜ் ஹம்முனு சத்தம் போடும். அதனால நான் கொஞ்சம் பேசலாம்" என்றார் நாகமாணிக்கம். "கதவு கிரீச்சுங்கும், நீங்களும் பேசலாம். பஸ்ஸுக்கு ஹாரன் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். ஃபிரிட்ஜ் மூடியிருக்கும்போது உள்ளே வெளிச்சம் இருக்காதாம்.

"ஸ்டாப்புல நின்னா டிரைவர் எறங்கி டீ குடிப்பாருல்ல?" என்றார் ஜெரால்டு.

"நீங்க டிரைவர் இல்ல சார், பஸ்சு. அதுவுமில்லாம உள்ள பாசஞ்சர் இருக்காரு" என்றார் நாகமாணிக்கம்.

ஜெரால்டுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் வந்து மூன்று பேரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங் சார், ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றார். வாட்ச்மேனிடம் பேசுகிற ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது? அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தரை ஆனது. விழித்திருந்த ஒரே குழந்தை இதழினி. கதவுக்குள் போவதும் வருவதுமாக நூறு தடவை ஆகியிருக்கும். அவள் வாயால் முடிந்தது என்று சொன்னால்தான் மூன்று பேருக்கும் விமோசனம் என்று நாகமாணிக்கம் தீர்ப்புச் சொன்னார்.

திருமலைச்சாமி கிரீச்சிட்டார். "அம்முணி, 'முடிஞ்சுது' சொல்லு பாக்கலாம். முடிஞ்சுது."

இதழினி விளையாடிக் களைத்திருந்தாள். கதவைத் தள்ளாமல் வந்து அதன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

"அதில்லடா கண்ணு. முடிஞ்சுது."

"அப்பா."

"முடி... ஞ்சு... து."

"அப்பா. அப்பா."

"நாலு தடவை தப்பாச் சொல்லிருச்சுங்க சார்" என்றார் நாகமாணிக்கம்.

ஜெரால்டு நிமிர முடியாமல் கேட்டார். "அது அவங்கப்பாவக் கூப்பிடுதோ என்னவோ?"

மூன்று பேரும் யோசித்தார்கள். கதவு, தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. ஒரு ஸ்கூட்டர்தான் நின்றது.

"இங்க அப்பான்னு யாருமே இல்லையே" என்றார் நாகமாணிக்கம். "நான் ஃபிரிட்ஜு. அவரு பஸ்சு. நீங்க கதவு."

"காலைல ஒருத்தர் இருந்தாரு" என்றார் ஜெரால்டு. "தாள வெச்சுப் படிச்சிட்டிருந்தாரு. மத்தியானத்துக்கு அப்புறம் நான் பாக்கல."

திருமலைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை சின்னப் பிள்ளை, வாய் வலிக்கக் கூப்பிடுகிறது, ஏன் என்று கேட்க நாதியில்லை. பெற்றவன் எங்கேயோ போய்த் தொலைந்திருக்கிறான். ஒரு கதவுக்கு இருக்கிற ஈரம்கூட அந்த ஆளுக்கு இல்லாமல் போயிற்றே என்று வயிறு எரிந்தது.

ஆறு மணிக்குக் கார் வந்தது. மற்ற இரண்டு மனைவிமாரும் பைகளை இறக்கிக்கொண்டிருக்க, பூங்கொடிதான் முதலில் பின்பக்கம் வந்தாள். மகள் ஒரு காலைக் கட்டிக்கொண்டு அப்பா அப்பா என்று அழுவதும், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் சந்தில் விறைத்து நிற்பதும் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, புள்ள அப்பாங்கறா. காதுல விழுகலையா?"

"விழுகுதுங்க அம்மா. அரை மணி நேரமாக் கூப்பிடுது, பாவம்" என்றார் திருமலைச்சாமி. "அவங்கப்பன் எங்க போனான்னே தெரியல. வந்தா நல்லா நாலு கேள்வி கேளுங்க. இப்படியா கொழந்தைய விட்டுட்டுப் போவாங்க?"

பூங்கொடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே வெளியே போனாள்.

கொசு வருகிற நேரம். திருமலைச்சாமி தன்னைத் தானே சாத்திக்கொண்டார்.