துருத்திக்குள் கிடைத்த முன்னிசை

வேலங்குடி மன்னர் முத்துவிசயரின் அவையில் மூன்று பண்டிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை; கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

அங்கே கப்பலில் வந்த ஆர்கன் என்னும் பழைய காற்றிசைப் பெட்டி ஒன்றும் இருந்தது. ஒருநாள் அது இருமத் தொடங்கவே, அதை வாசிக்கும் யோவான் பாதிரியார் காற்றூதும் துருத்தியைப் பிரித்தார். உள்ளே ஓட்டையை அடைத்திருந்த இசைக்குறிப்புக் காகிதத்தைப் பார்த்ததும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மகாராஜா, எங்கள் நாட்டில் நூறாண்டுக்கு முன் தொலைந்த முன்னிசை இது. கோயிலில் ஆர்கன் முதலில் இதை வாசிக்கும். மெட்டு நினைவுக்கு வந்ததும் சபையார் பாடுவார்கள்."

"அந்தப் பாட்டு எங்கே?"

"அது கிடைக்கவில்லை."

"பாயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாட்டைத் தருபவருக்கு ஏரிக்கரையில் ஓர் ஊர் மானியம்" என்றார் மன்னர்.

மறுநாள் காலைக்குள் பண்டிதர் மூவருக்கும் பாட்டுத் தெரிந்துவிட்டது. சேஷகிரிக்குப் பாட்டனார் சொல்லித்தந்தாராம். ஆவுடையப்பருக்குக் கனவில் வந்ததாம். கோதண்டத்துக்குப் பிறவியிலேயே தெரியுமாம். மானியப் பட்டயம் கைக்கு வந்த பிறகே பாடுவோம் என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மன்னர் அமைச்சர் செண்பகராமரிடம் திரும்பினார். "யார் சொல்வது மெய்? மாலைக்குள் சொல்லும். முடியாவிட்டால் உம் பதவியை இவர்களுக்குப் பங்கிட்டுவிடுவேன்."

அமைச்சர் பாதிரியாரைக் கேட்டார்: "உங்கள் சபையில் பாட்டை யார் தொடங்குவார்?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"அந்த வழக்கப்படியே நடக்கட்டும். முன்னிசை முடிந்ததும் மூவரும் சேர்ந்து பாடலாம். மற்ற இருவரோடு ஒட்டாமல் வேறு பாட்டுப் பாடுகிறவருக்குக் குடுமி போகும். மூவருக்கும் தெரிந்தது ஒரே பாட்டுதானே, பயமென்ன?"

ஆர்கன் இசைத்தது. இசை உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆகவே அவையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முன்னிசை முடிந்தது. சேஷகிரி வாயைத் திறந்துகொண்டு ஆவுடையப்பரின் வாயைப் பார்த்தார். ஆவுடையப்பர் கோதண்டத்தின் வாயைப் பார்த்தார். கோதண்டம் சேஷகிரியின் வாயைப் பார்த்தார். அடுத்தவர் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளலாம் என்பது மூவரின் எண்ணம்.

பாதிரியார் மறுபடி வாசித்தார். மறுபடி மூன்று வாய்கள் திறந்தன. கோதண்டத்தின் கை மெல்லக் குடுமிக்குப் போனது.

"என்ன ஐயா இது?" என்று மன்னர் அமைச்சரைக் கேட்டார்.

"மூவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், அரசே. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. குடுமிகள் பிழைத்தன. பாட்டுதான் இன்னும் கிடைக்கவில்லை."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உம் பதவி உமக்கே. ஊரை இவர்கள் மூவருக்குமே கொடுத்துவிட்டேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பாட்டில் வருகிறது என்று சொல்லிவிடும்."