எட்டுப் பேர் நடந்தால் நாற்பது கிலோமீட்டர்

மந்தக்குளத்துக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தெரியும். பிரச்சினையே அதுதான். அவர்களில் கோட்டைச்சாமி ஒன்பதாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். ஒரே இயற்பியல் பாடத்தை மூன்று தடவை கேட்டவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று ஊரே அவரை நம்பியது.

சடையாண்டியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்கு வேன் வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்தது. "பிள்ளைங்க தூங்கும்ப்பா, சத்தம் காட்டாம வந்துட்டுப் போ" என்று முதல் நாள் டிரைவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் அதே ஊர்க்காரர். விடியற்காலையில் சத்தமே இல்லாமல் வந்தார், சத்தமே இல்லாமல் போய்விட்டார்.

பெண் வீடு கொடிக்கால்பட்டியில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பெண்ணின் அப்பா சங்கிலிமுத்து கறாரான மனிதர். நேரம் தவறினால் செவ்வந்தியை அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவனும் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டு வேட்டியிலேயே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். சடையாண்டிக்குச் செவ்வந்தி என்றால் உயிர். மாப்பிள்ளைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அழாதடா மாப்பிள்ளை. ஒரு ஆள் ஒரு மணி நேரம் நடந்தா எவ்வளவு தூரம் போவான்?" என்றார் கோட்டைச்சாமி.

"அஞ்சு கிலோமீட்டர் போவான் மாமா."

"நாம எத்தனை பேரு?"

எண்ணிப் பார்த்தார்கள். எட்டுப் பேர்.

"எட்டஞ்சு நாப்பது. ஒரு மணி நேரத்துல மண்டபத்துல இருப்போம்."

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மொக்கையனுக்கு மட்டும் ஒரு யோசனை.

"இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கிட்டா அரை மணியில போயிரலாமே அண்ணே? ஊரையே கூட்டிக்கிட்டா?"

"ஊரே கிளம்பினா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அங்க நிப்போம்ப்பா. அங்க இட்லிகூட வெந்திருக்காது."

அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள். நேரம் நிறைய இருந்ததால் சாவகாசமாகக் காப்பி குடித்து, எட்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

தெருமுனையிலேயே எட்டுப் பேரில் ஒருவனான ஒச்சப்பன் காலில் முள் தைத்தது. மொக்கையன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். சடையாண்டி பதறிப்போனான்.

"மாமா, ஏழு பேருதானே இப்ப நடக்கிறோம்? அஞ்சு கிலோமீட்டர் குறையுமே!"

நடுரோட்டில் நின்று விவாதித்தார்கள்.

"ஒச்சப்பன் ஊரைவிட்டு நகர்றானா இல்லையா?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"நகர்றான்."

"அப்ப அவனும் கணக்குல உண்டு."

தூக்குகிற தனக்கும் அஞ்சு, தோளில் சும்மா இருக்கிறவனுக்கும் அஞ்சா என்று மொக்கையன் கேட்டார். ஒன்பது மணி வரை அதையே கேட்டுக்கொண்டு நடந்தார்.

மணி ஒன்பது அடித்ததும் கோட்டைச்சாமி கையை உயர்த்தினார். "நில்லுங்க. கொடிக்கால்பட்டி வந்தாச்சு."

எதிரே ஒரு செங்கல் சூளை இருந்தது. வாழைமரம் இல்லை, மேளச் சத்தம் இல்லை.

"மண்டபம் எங்க மாமா?"

"நாம சரியாத்தான் வந்திருக்கோம். மண்டபத்தைத்தான் காணோம்."

அப்போது சங்கிலிமுத்து போன் செய்தார். "யோவ், எங்கய்யா இருக்கீங்க? நாங்க மண்டபத்துல நிக்கிறோம்!"

"நாங்களும் அங்கதான் நிக்கிறோம். உங்களைத்தான் காணோம்," என்றார் கோட்டைச்சாமி.

"சுத்தி என்னய்யா இருக்கு?"

"செங்கல் சூளை."

சங்கிலிமுத்துவுக்கு அந்தச் சூளை தெரியும். தலையில் அடித்துக்கொண்டார். "நாங்களே மினி பஸ்ல வர்றோம். நின்ன இடத்தை விட்டு அசையாதீங்க!"

அசையவில்லை. கோட்டைச்சாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒச்சப்பன் தோளிலிருந்து இறங்கவில்லை. சடையாண்டியின் கழுத்தில் ஓர் எறும்பு ஏறி, மாலைக்குள் போய், தன் வேலையைப் பார்த்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பஸ் வந்தபோது பத்தே கால் தாண்டியிருந்தது. ஐயரும் மேளக்காரர்களும் இறங்கினார்கள். பட்டு வேட்டியில் அத்தை மகனும் இறங்கினான். சூளை ஓரத்திலேயே செவ்வந்தியை உட்கார வைத்து, தாலியை நீட்டினார்கள். சடையாண்டி கையை நீட்டவில்லை.

"கட்டுய்யா!" என்று கத்தினார் சங்கிலிமுத்து.

"அசையக் கூடாதுன்னீங்களே மாமா," என்றான் உதட்டை அசைக்காமல்.

அத்தை மகன் ஆசையாக ஓரடி முன்னால் வந்தான். செவ்வந்தி அவனைப் பார்த்த பார்வையில் ஓரடி பின்னால் போனான். சங்கிலிமுத்து மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்து அவரே முடிச்சுப் போட வைத்தார். பத்தரைக்குள் தாலி ஏறிவிட்டது. "போதும், இப்ப அசைஞ்சுக்கங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் சடையாண்டி எறும்பைத் தேடி எடுத்தான்.

மினி பஸ் எல்லாரையும் மந்தக்குளத்தில் இறக்கிவிட்டுப் போனது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கோட்டைச்சாமி திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மோசம் போயிட்டோம்! கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துட்டோம். இடப்பெயர்ச்சி பூஜ்யம், திசைவேகமும் பூஜ்யம். பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்படின்னா?"

"நாம இங்கேயிருந்து போகவே இல்லைன்னு அர்த்தம்."

சடையாண்டியின் முகம் வெளுத்தது. "அப்ப என் கல்யாணம்?"

"போகாத ஆளுக்கு எப்படிடா கல்யாணம் ஆகும்?"

செவ்வந்தி மாலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "எனக்குங்க பெரியப்பா?"

கோட்டைச்சாமி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "நீ கொடிக்கால்பட்டியில கிளம்பினவ, இங்க நிக்கிற. உன் இடப்பெயர்ச்சி நாப்பது கிலோமீட்டர். உனக்குக் கல்யாணம் ஆயிருச்சும்மா."

பெண்ணுக்கு ஆகிவிட்டது, மாப்பிள்ளைக்கு ஆகவில்லை. ஊர் கூடி நெடுநேரம் யோசித்தது. மாப்பிள்ளை மறுபடி கிளம்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"இருட்டுறதுக்குள்ள வந்துருவாரா?" என்று மட்டும் கேட்டாள் செவ்வந்தி.

நல்ல காரியத்துக்குப் போகும்போது ஒரு சுமங்கலி எதிரே வர வேண்டும். ஊரில் புதுத்தாலியோடு இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் மறுக்காமல் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். சகுனம் பிரமாதம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். சடையாண்டி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்டான்.