மாசானத்தின் வாளும் உலகம்மாளின் மாடும்

ஊசிக்குளத்து ஆண்களுக்கு வேலை என்று ஒன்று கிடையாது. ஆனால் ஓய்வாக உட்கார அவர்களுக்கு நேரமும் கிடையாது. எல்லார் கையிலும் போன் இருந்தது. போனுக்குள் ஒரு கோட்டை, கோட்டை வாசலில் ஓர் அரக்கன். அவனை வெட்டினால் பொற்காசு கொட்டும்.

அந்த விளையாட்டில் நல்ல வாளாக ஒன்று வாங்க, மாசானம் வீட்டுக் கறவை மாட்டை விற்றுவிட்டான். அவன் மனைவி உலகம்மாள் புல்லுக்கட்டோடு வந்து பார்த்தால் தொழுவம் காலி. அவள் கத்தவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாடு இங்க நிக்கணும். இல்லன்னா உங்க சோத்த அந்தக் கோட்டையிலயே பொங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டை இறக்கினாள்.

வாளை லாபத்துக்கு விற்று மாட்டை மீட்பது என்று முடிவானது. ஊசிக்குளத்தில் எந்த முடிவுக்கும் மூன்று தலை ஆட வேண்டும். மாசானம் ஆட்டினான், உலகம்மாளின் அண்ணன் கொம்பையா ஆட்டினான், பக்கத்து வீட்டு ஆதிலிங்கமும் ஆட்டினான். கொம்பையாவும் ஆதிலிங்கமும் ஆளுக்கொரு வாள் வைத்திருந்தார்கள். மாட்டுக்காக அதையும் தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான், அதில் குறையில்லை.

அப்போது விளையாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது: 'ஒவ்வொரு வெட்டுக்கும் வாள் தேயும்.' மூவரும் பதறிப்போனார்கள். வாள்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அரக்கனை வெறுங்கையால் குத்தப் போனார்கள். அரக்கன் அவர்களைக் காலையில் தின்றான், சாப்பாட்டுக்குப் பிறகும் தின்றான்.

"இருக்கட்டும். வாள் தேயலல்லா" என்றான் கொம்பையா.

ஆனால் வாள்கள் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்தவை. யாரும் வாங்கவில்லை. விளையாட்டுக்குள் இருந்த கொல்லன் பட்டறையில், பழைய ஆயுதத்தை உருக்கிப் புதியது செய்யலாம் என்று எழுதியிருந்தது. மூன்று வாளையும் உருக்கினார்கள். பளபளவென்று ஒரே ஒரு வாள் வந்தது.

ஆதிலிங்கம் அதை வெகுநேரம் பார்த்தான். "பழச உருக்குனதுக்கே இவ்வளவு புதுசா வந்திருக்கே. இந்தப் புதுச உருக்குனா எப்படி வரும்?"

மற்ற இருவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். மூன்று தலையும் ஆடியது. கத்தி வந்தது. கத்தியை உருக்கினார்கள், ஊசி வந்தது. அதற்கு மேல் உருக்கப் பட்டறை மறுத்துவிட்டது.

இதற்குள் ஊர் உலகமெல்லாம் அரக்கனை வெட்டி வெட்டி, விளையாட்டுக்குள் காசு குப்பையாய்க் குவிந்து கிடந்தது. விளையாட்டுச் சந்தையில் ஊசி லட்சம் காசுக்கு விலை போனது.

"மாப்ளே, வாளா இருந்தப்ப ஆயிரம். ஊசியானதும் லட்சம்" என்றான் கொம்பையா. பக்கத்துக் கடையில் ஒரு பழைய வாள் கோடிக் காசுக்குத் தொங்கியது. மாசானம் அந்தக் கடைக்காரனுக்காக இரக்கப்பட்டான். பாவம், அவனுக்கு உருக்கத் தெரியவில்லை போல.

லட்சத்தையும் போனோடு எடுத்துக்கொண்டு மாட்டுத் தரகரிடம் போனார்கள். அந்தக் காசுக்கு மூக்கணாங்கயிறுகூட வராது என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் என்று பார்த்தால், விளையாட்டிலேயே விளக்கம் போட்டிருந்தது: காசு அதிகமாகிவிட்டதால் காசுக்கு மதிப்பில்லை.

காரணம் தெரிந்ததில் மூவருக்கும் பெரிய நிம்மதி. பாதிக் காசைக் கோட்டைக் கிணற்றில் கொட்டிவிட்டு மறுபடி தரகரிடம் போனார்கள். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தக்கூட இல்லை.

"மிச்சத்தையும் கொட்டுவோம் மாப்ளே. ஒத்தக் காசு மட்டும் இருக்கட்டும். அதுக்கு வாற மதிப்பைப் பாரு" என்றான் கொம்பையா.

மாசானத்தின் தலை முதல் தடவையாக ஆடவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அப்போதுதான் விளையாட்டுச் சந்தையில் ஒரு மாடு அவன் கண்ணில் பட்டது. சண்டை போடத் தெரியாத மாடு என்பதால் அதை யாரும் சீந்தவில்லை. இருந்த காசையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டான்.

காலையில் தொழுவத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் போனை வைத்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். உலகம்மாள் வந்து பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பால் செம்பைக் கீழே வைத்து, "கறங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூவரும் செம்பைச் சுற்றிக் குந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் குறைந்து மாடு மங்கியது. பசிதான் என்று கொம்பையா ஓடிப்போய் வயர் இழுத்து வந்து சொருகினான். மாடு தெளிந்தது. மாசானம் கையை நீட்டினான்.

ஆதிலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "பொறு. மடியில இப்ப கரண்டு ஓடுது. கறந்தா பால் கொதிக்கக் கொதிக்கல்லா வரும்."

பிறகு மூன்று தலையும் மெதுவாக ஆடியது.

மாசானம் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்: "உலகம்மா, அடுப்பப் பத்த வைக்காண்டாம். தேயிலையும் சீனியும் மட்டும் எடுத்துட்டு வா."